மனை ஈரநிலத்துக்குள் வருகிறதா? பள்ளிக்கரணையும் 2017 விதிகளும்

பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் வில்லங்கம் இல்லை. ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்டால் "உங்க இடம் ராம்சார்ல வருது" என்கிறார்கள். 2025 செப்டம்பருக்குப் பிறகு வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் பக்கம் பலருக்கு இந்தச் சொல் அறிமுகமானது இப்படித்தான். அதே நேரத்தில் இன்னொரு தரப்பு நேர்மாறாகக் கேட்கிறது: ராம்சார் என்று உலகத்துக்கு அறிவித்த நிலத்தில் அடுக்குமாடிக்கு எப்படி அனுமதி கிடைக்கிறது?

இரு தரப்புக்கும் அரசின் வரைபடத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு விதியிலிருந்தே தொடங்கலாம்.

ராம்சார் என்பது ஈரான் நாட்டு ஊர். ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் 1971-ல் அங்கே கையெழுத்தானது. இந்தியா 1982-ல் சேர்ந்தது. தென்சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் அந்த ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. ஒப்பந்தம் நேரடியாக யார் வீட்டையும் இடிக்காது, யாருடைய பட்டாவையும் ரத்து செய்யாது. இங்கே வேலை செய்வது ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை. ராம்சார் பட்டியலில் உள்ள இடங்களுக்கும், அரசு தனியாக அறிவிக்கை செய்யும் ஈரநிலங்களுக்கும் பொருந்தும்.

ஈரநிலத்துக்குள் என்னவெல்லாம் கூடாது? ஆக்கிரமிப்பு, வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, புதிய தொழிற்சாலை, இருப்பதை விரிவாக்குவது, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, வேட்டை. அப்புறம் ஒன்று: விதிகள் நடைமுறைக்கு வந்த தேதிக்கு முந்தைய 10 ஆண்டுகளில் பதிவான உயர் வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநில ஈரநில ஆணையம் பரிந்துரைத்து மாநில அரசு கேட்டால், இந்தத் தடைகளில் எதையும் மத்திய அரசு தளர்த்தலாம் என்று அதே விதியில் ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள். அவநம்பிக்கைக்கு இந்தக் கதவும் ஒரு காரணம்.

"ஒரு கிலோமீட்டர்" எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 2017 விதிகளில் அப்படி ஒரு அளவே கிடையாது. விதி சொல்வது தாக்க மண்டலம். நீர்பிடிப்புப் பகுதியில் எந்த இடத்தில் நடக்கும் வேலை ஈரநிலத்தைக் கெடுக்குமோ, அந்த இடம் வரைக்கும் தாக்க மண்டலம். அது ஒரு பக்கம் 200 மீட்டராக இருக்கலாம், கால்வாய் வரும் பக்கம் மூன்று கிலோமீட்டராகவும் இருக்கலாம். ஆய்வு செய்து வரைய வேண்டிய கோடு அது. வரையவில்லை என்பதால், வரையும் வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஆக, அது இடைக்கால ஏற்பாடு. சட்டத்தில் உள்ள எல்லை என்று நினைத்துக்கொண்டு மனையை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதீர்கள்.

இப்போது சிக்கலின் மூலத்துக்கு வருவோம். பள்ளிக்கரணை ராம்சார் பரப்பு 1,247.54 ஹெக்டேர். இதில் காப்புக்காடாக வனத்துறையிடம் இருப்பது ஏறக்குறைய 700 ஹெக்டேர். மிச்சம் கிட்டத்தட்ட 550 ஹெக்டேர் எந்தெந்த சர்வே எண்களில் இருக்கிறது? பட்டியலில் ஏறிய நாளிலேயே இது ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பதிவுத்துறைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விவரம். செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்ட பச்சைக் கோட்டை வைத்து யாரும் மனை வாங்குவதில்லை; சர்வே எண்ணை வைத்துத்தான் வாங்குகிறார்கள். வில்லங்கச் சான்றும் பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், சதுப்பு நிலத்தைக் காட்டாது. சர்வே எண் இல்லாத எல்லை, விற்பவருக்கும் அனுமதி தருபவருக்கும் சௌகரியம். வாங்கியவருக்கும் நாரைக்கும்தான் நஷ்டம்.

நடந்த கதையையும் ஜனங்கள் மறக்கவில்லை. பழைய ஆட்கள் கழுவெளி என்று சொல்லும் இந்தச் சதுப்பில் மாநகராட்சி பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாற்றல் நிறுவனமும் பறக்கும் ரயில் நிலையமும் எழுந்தது கழுவெளி நிலத்தில்தான். முதலில் நிரப்பியது அரசு. இப்போது மீட்கப் போகிறேன் என்று வருவதும் அரசு. "எங்களுக்கு மட்டும்தான் சட்டமா?" என்று கேட்கத்தானே செய்வார்கள்? அதற்காக வெள்ளம் பட்டா பார்த்து வருவதில்லை. மேற்கிலுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் இந்தப் பள்ளத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அது போக வழியில்லாமல் எங்கே நின்றது என்று வேளச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்பு என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மாநில அரசின் தமிழ்நாடு ஈரநில இயக்கத்துக்கு 100 ஈரநிலங்கள், ஐந்து ஆண்டு, ₹115.15 கோடி என்று திட்டமிட்டார்கள். பணம் எதற்குச் செலவாகிறது என்பதுதான் கேள்வி. நெடுங்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவையைப் பார்த்திருப்பீர்கள்: சிவப்புக் குச்சி போன்ற காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, சேற்றில் அலகால் கொத்திக்கொண்டே நடக்கும். அந்தக் கால் எட்டும் ஆழம்தான் அதன் சாப்பாட்டுத் தட்டு. "ஆழப்படுத்துகிறோம்" என்று ஆள் உயரத்துக்குத் தோண்டி, சுற்றிலும் கரை கட்டி, நடைபாதை போட்டு, விளக்கும் வைத்தால் அது குளமாகிவிடும், உள்ளான் வராது. என் கணிப்பில் ஈரநிலத் திட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கெல்லாம் விதியிலேயே ஒரு கருவி இருக்கிறது, ஆனால் அதைக் கேட்பவர்கள் குறைவு. ஒவ்வொரு ஈரநிலத்துக்கும் சுருக்க ஆவணம் ஒன்று தயாரிக்க வேண்டும். நேரில் போய்ச் சரிபார்த்த எல்லை வரைபடம், தாக்க மண்டலம், ஏற்கெனவே அங்கே யாருக்கு என்ன உரிமை, எந்தெந்த வேலையை அனுமதிக்கலாம், எதைக் கட்டுப்படுத்தலாம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உரிமை என்றால் பட்டா மட்டுமில்லை. மீன் பிடிப்பவர், புல் அறுப்பவர், மாடு மேய்ப்பவர் பெயரும் வர வேண்டும். வாயைத் திறந்து கேட்காவிட்டால் முதலில் விடுபடுவது இவர்கள்தான். அரசு புதிதாக ஓர் ஈரநிலத்தை அறிவிக்கை செய்யும்போது வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். அந்த நேரத்தில் சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுத்தது மட்டும்தான் கணக்கில் வரும். கூட்டத்தில் கத்தியது வராது.

ஒரு எச்சரிக்கை: பாசனத்துக்கென்றோ குடிநீருக்கென்றோ கட்டிய நீர்நிலை இந்த விதிகளின் வரையறைக்குள் வராது. ஆகவே உங்கள் ஊர் ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மாநில ஈரநில ஆணையத்துக்கு ₹10 கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். "என் மனை வருகிறதா" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். சுருக்க ஆவணத்தின் நகல், எல்லைக்குள் வரும் சர்வே எண்களின் பட்டியல், தாக்க மண்டல வரைபடம், நேரடிச் சரிபார்ப்பு நடந்த தேதிகள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம். "ஆய்வு நடைபெற்று வருகிறது" என்று ஒற்றை வரி வந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அந்த ஒற்றை வரிக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், எல்லை வரையப்படவில்லை என்று அரசே எழுதிக் கொடுத்த சாட்சி அதுதான்.