செல்கி கடற்கன்னி அல்ல

ஆங்கிலக் கதையில் செல்கி (தோலைக் கழற்றி மனித உரு எடுக்கும் கடல்நாய்) என்று வந்தாலே தமிழாக்குபவர்கள் கடற்கன்னி என்று போட்டுவிடுகிறார்கள். அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கடத்தல் கதையில் செல்கியைக் கலந்து எழுதியதைத் தமிழாக்கும்போதும் அதே கடற்கன்னிதான். எரிச்சலாக வருகிறது.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் கடல்நாய்க்கே (நாம் சீல் என்கிறோமே, அதுதான்) செல்கி என்றுதான் பெயர். பழைய ஆங்கிலத்தின் 'செயோல்ஹ்' (seolh) வழி வந்த சொல். கதைகளில் அது தோலைக் கழற்றினால் மனித உரு, மாட்டிக்கொண்டால் மறுபடி கடல்நாய். அவ்வளவுதான்.

கடற்கன்னிக்கு இடுப்புக்குக் கீழே மீன்வால். செல்கிக்கு அப்படிப் பாதி உடம்பெல்லாம் கிடையாது, முழு விலங்கு இல்லையென்றால் முழு மனிதர். கன்னி என்பதும் ஒட்டவில்லை, ஏனென்றால் கதையில் அவள் பெரும்பாலும் தோலை ஒளித்து வைத்தவனுக்கு மனைவியாகிப் பிள்ளை பெற்றவள். ஆண் செல்கிகளும் உண்டு, அவர்களை என்ன செய்வது, கடற்காளை என்பதா?

கடற்கன்னி என்று மாற்றுவதில் பெரிய இழப்பு தோல்தான். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கனடாவை ஒட்டியுள்ள பிரெஞ்சுத் தீவான செயின்ட் பியரில் ஏற்றிய விஸ்கி, நியூயார்க், நியூ ஜெர்சி கரைக்கு வெளியே நின்ற கப்பல்களிலிருந்து இரவில் விசைப்படகுகளில் கரையேறியது. புட்டிகளைச் சாக்கில் வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தச் சாக்குகளுக்கு நடுவே ஒரு செல்கியின் தோலும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தால் அதுவும் கடத்தல் சரக்குதான், எழுத்தாளருக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆசை வருவது இதனால்தான். கடற்கன்னி என்று எழுதியாகிவிட்டால், வாசகர் தோல் எங்கிருந்து வந்தது என்று முழிப்பார்.

'கடல் தேவதை' இன்னும் மோசம். தேவதையின் சட்டையைத் திருடி வீட்டில் பூட்டி வைப்பார்களா என்ன?

என் பரிந்துரை கடல்நாய்மகள், கடல்நாய்மகன். திருமகள், கலைமகள் என்று புழங்கும் நமக்கு மகள் புதிதில்லை, ஆண்பாலும் தானாக அமைகிறது. நாய் என்பது காதல் கதைக்கு இடிக்கிறதாம், அதனால்தான் கன்னி பக்கம் ஓடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவு கூச்சமென்றால் செல்கி என்றே விட்டு முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தரட்டும். அப்புறம் நீர்நாய் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது ஆற்றில் மீன் பிடிக்கும் வேறு பிராணி.