இன்ஜினுக்குள் மெருகெண்ணெய் ஏது?

“இன்ஜின் உட்பாகங்களில் மெருகெண்ணெய் படியாமல் பார்த்துக்கொள்ளவும்.” ஆயில் டின்னோடு வரும் துண்டறிக்கைகளிலும் தமிழாக்கிய கையேடுகளிலும் இந்த வாக்கியம் வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. மண்டபத்திலோ பாம்பனிலோ விசைப்படகு வைத்திருப்பவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? மெருகெண்ணெய், அதாவது வார்னிஷ், மரத்துக்கு அடிக்கிற சங்கதி. அதை எவன் இன்ஜினுக்குள் ஊற்றினான் என்றுதான் கேட்பார்.

ஆயில் கெட்டு இன்ஜினுக்குள் ஒட்டும் படிவையும் ஆங்கிலத்தில் வார்னிஷ் என்பார்கள், அதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். வார்னிஷ் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது மணமுள்ள ஒருவகைப் பிசினின் பெயர். அதற்கும் முன்னே பெரெனிக்கே என்ற கிரேக்க நகரப் பெயர் நிற்கிறது என்பார்கள். இவ்வளவு போதும். சொல்லின் வேர் பிசினில் இருக்கிறது, பளபளப்பில் இல்லை.

இன்ஜின் வார்னிஷ் என்னவென்று தெரிய, தேநீர்க் கடை வடைச்சட்டியின் வெளி விளிம்பைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் வழிந்து, தேன் நிறத்தில் தொடங்கிக் கரும்பழுப்பாகி, சட்டியோடு சட்டியாக ஒட்டியிருக்கும். சோப்புக்கும் மசியாது, தேங்காய் நாருக்கும் மசியாது. பிஸ்டன் பக்கச்சுவரிலும், அதைச் சுற்றி ரிங் உட்காரும் காடியிலும், வால்வுத் தண்டிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். சூடான ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. கெட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கனத்து, ஆயிலில் கரைந்திருக்க முடியாமல் உலோகத்தில் ஒட்டி இறுகுகின்றன. சூடு 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். இன்ஜின் சூட்டைக் கடல்தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயில் உப்பும் சிப்பியும் அடைத்துக்கொண்டால் பிஸ்டனில் படலம் பிடிப்பது இதனால்தான்.

இதற்குப் போய் மெருகு என்று பெயர் வைக்கலாமா? மெருகு ஏற்றுவது வேண்டுமென்று செய்கிற வேலை, அழகுக்குச் செய்வது. இது வேண்டாமல் வந்து சேர்ந்த கேடு. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான லைனரின் சுவரில் ஆயில் நிற்பதற்காகப் போட்ட குறுக்குக் கோடுகள் தேய்ந்து கண்ணாடிபோல் வழவழப்பாகும் நோய் தனி. மெக்கானிக்குகள் ‘லைனர் பாலிஷ் ஆயிடுச்சு’ என்பார்கள். மெருகு என்ற சொல் பொருந்துவது அங்கேதான். அதை வார்னிஷுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் பாலிஷுக்கு எதைச் சொல்வது? இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், லைனர் மாற்ற வேண்டியவர் பிஸ்டனைக் கழுவிக்கொண்டிருப்பார். கலைச்சொல் பட்டியலில் வார்னிஷுக்கு எதிரே மெருகெண்ணெய் என்று இருக்கலாம். அது தச்சுப் பட்டறைக்கான வரி. பட்டியலைத் திறந்து முதல் சொல்லை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

சிலர் கசடு என்று எழுதுகிறார்கள். அதுவும் தவறு. கசடோ வண்டலோ இன்ஜின் மேல்மூடியான டேப்பெட் கவருக்குள் கூழாக நிற்பது, துணியால் வழித்தால் வந்துவிடும். அது பெரும்பாலும் சூடு போதாமல் வருவது. நேரே கடல்தண்ணீரில் குளிரும் இன்ஜினை, உப்புப் படியாமலிருக்க 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் அங்கே வண்டல்தான் கட்டும். வார்னிஷ் சூட்டின் பிள்ளை.

பிசின்படலம் என்பது தனித்தமிழ் அன்பர்களின் விருப்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் பிசின் என்றால் வேலம்பிசின், தண்ணீரில் ஊறினால் கரைந்துவிடும். இது தண்ணீருக்கும் கரையாது, ஆயிலுக்கும் கரையாது.

அரக்குப் படலம் என்பதே சரி. நிறம் அதே நிறம். தண்ணீரில் கரையாது, தக்க கரைப்பானுக்கு மட்டும் இளகும். ஆங்கிலத்திலும் இந்தப் படிவுக்கு லாக்கர் என்ற மறுபெயர் உண்டு. அது இந்தியின் லாக், வடமொழியின் லாக்ஷா என்ற வழியில் போன சொல். அரக்கும் அந்த உறவுதான், தூய தமிழா என்று சண்டை வரும். வரட்டும். சூட்டில் அரக்கு உருகும், இது உருகாது என்பது இன்னும் நல்ல தடை. படலம் என்று சேர்த்துச் சொல்வதே அதற்காக. அதுவும் பிடிக்காதவர்கள் வார்னிஷ் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

படலம் பிடிப்பதும் பிடிக்காததும் பாதி ஆயிலின் கையில். ஆயிலில் கலந்த டிடர்ஜென்ட் அமிலத்தை முறித்து பிஸ்டனைக் கழுவுகிறது. டிஸ்பர்சன்ட் கரியையும் கெட்ட மூலக்கூறுகளையும் ஒட்டவிடாமல் மிதக்க வைக்கிறது. டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரம் கறுப்பது அதனால்தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாகச் சுத்திகரித்த அடிப்படை ஆயில் கெட நாளாகும், ஆனால் கெட்டதைக் கரைத்து வைத்திருக்கும் திறன் அதற்குக் குறைவு. சேர்மானம் தீர்ந்தபின் ஓட்டினால் மளமளவென்று படியும். கையேட்டில் 250 மணி என்றிருந்தால், வாரம் 3 தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் நடை), தங்கலுக்கு 20 மணி என்று ஓடும் படகுக்கு அது நாலு வாரக் கணக்கு. மட்ட ஆயிலிலிருந்து நல்ல ஆயிலுக்கு மாறும்போது பழைய படிவு கழன்று ஃபில்டரை அடைக்கும், முதல் மாற்றத்தைப் பாதி மணியிலேயே செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குப் படகைக் கட்டுமுன்னே ஆயிலை மாற்றுவது நல்லது. பழைய ஆயிலின் அமிலமும் ஈரமும் அத்தனை நாள் பேரிங்கோடு கிடக்கக் கூடாது.

பிஸ்டனைக் கழற்றினால் ரிங் தன் எடையிலேயே காடிக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் அரக்கு பிடித்திருக்கிறது. கரைப்பானில் ஊறவைத்து மரச்சீவலால் சுரண்டலாம். எமரித் தாள் போட்டால் பிஸ்டன் அளவு கெடும். காஸ்டிக் சோடா கூடவே கூடாது, அலுமினியத்தையே தின்றுவிடும்.

துண்டறிக்கை வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கலாம்: ‘உரிய மணிக்கணக்கில் ஆயிலை மாற்றாவிட்டால் பிஸ்டனில் அரக்குப் படலம் பிடித்து ரிங் ஒட்டிக்கொள்ளும்.’ படியாமல் பார்த்துக்கொள்ளவும் என்றால் எங்கே நின்று பார்ப்பது, லைனருக்குள்ளா?