விபிஎன்னில் யாருக்கு எந்த ஐபி போனது? லாக் சொல்ல வேண்டும்

"விபிஎன் கனெக்ட் ஆகிடுச்சு சார், அக்கவுன்ட்ஸ் சர்வர்தான் திறக்கல." விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் வேலை பார்ப்பவர் இப்படிக் கூப்பிட்டால், அவருக்கு எந்த ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைத்திருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை வைத்திருக்கும் பல இடங்களில் சிலருக்கு மட்டும் நிலையான ஐபி கொடுத்திருப்பார்கள். மற்றவர்களுக்குப் பூலிலிருந்து, அதாவது பொதுவான முகவரித் தொகுப்பிலிருந்து, ஏதாவது ஒன்று போகும். ஃபயர்வால் அந்த நிலையான ஐபிக்கு மட்டுமே வழிவிடும்.

நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு 10.8.0.210 போக வேண்டும், போனது 10.8.0.6. சம்பளம் போடும் வாரம் வேறு. பதற்றத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். அதுதான் தப்பாகிவிட்டது. கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்) 'லாக்' என்று இருந்ததால், ரீஸ்டார்ட் ஆனதுமே பழைய லாக் (நடந்தவற்றின் பதிவு) முழுவதும் அழிந்துபோனது. 'லாக்-அப்பெண்ட்' என்று இருந்திருந்தால் பழையதற்குக் கீழேயே புதியதும் சேர்ந்திருக்கும்.

அப்புறம், லாக்கில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்று சொல்லும் 'வெர்ப்' அளவைப் பார்த்தேன். 1 என்று இருந்தது. அதை 3 ஆக்கினால்தான் எந்த கிளையன்ட்டுக்காக (இணைகிறவருக்காக) எந்த ஃபைலைப் படித்தது, எந்த முகவரியைக் கொடுத்தது என்பதெல்லாம் தெரியும். தேவைப்பட்டால் 4 வரை போகலாம். 5 வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் எழுத்து விழும். தேடுகிற வரி அதற்குள் காணாமல் போய்விடும்.

வெர்ப் 3 வைத்தும் காரணம் உடனே பிடிபடவில்லை. நிலையான ஐபி கொடுக்க, ஒரு ஃபோல்டரில் கிளையன்ட் பெயரிலேயே ஃபைல் வைப்போம். கிளையன்ட்டை அடையாளம் காட்டும் சர்டிஃபிகேட்டின் காமன் நேமும் (அதில் பதிந்த பெயரும்) ஃபைல் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் ஃபைல் பெயரில் பெரிய 'ஏ', சர்டிஃபிகேட்டில் சின்ன 'ஏ'. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஃபைல் கிடைத்தால் "இதைப் படித்தேன்" என்று லாக்கில் ஒரு வரி வரும். கிடைக்காவிட்டால் ஃபைலைப் பற்றி எதுவுமே வராது; பூலிலிருந்து ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இல்லாத வரியைத் தேட யாருக்குத் தோன்றும்? எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்யும் ஒரு வேலை உண்டு. அதே ஃபோல்டரில் 'டிஃபால்ட்' என்ற பெயரில், முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகளில், ஒரு காலி ஃபைல் வைத்துவிடுவேன். கிளையன்ட் பெயரில் ஃபைல் கிடைக்காதபோது ஓப்பன்விபிஎன் இதைப் படிக்கும், படித்ததை லாக்கிலும் எழுதும். நிலையான ஐபி உள்ளவரின் பெயருக்கு நேரே 'டிஃபால்ட்' என்று கண்டால் சிக்கல் எங்கே என்று அந்த நொடியே தெரிந்துவிடும். எல்லாருக்குமே தனி ஃபைல் உண்டு என்றால் கான்ஃபிக்கில் 'சிசிடி-எக்ஸ்க்ளூசிவ்' என்று வைப்பது இன்னும் நல்லது. ஃபைல் இல்லாதவரை அது உள்ளேயே விடாது. தேடிய ஃபைலின் முழுப் பாதையையும் லாக்கில் சொல்லிவிடும்.

இதோடு, ஒவ்வொருவரும் இணையும்போது ஓடும் 'கிளையன்ட்-கனெக்ட்' ஸ்கிரிப்ட் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார், வெளியே எந்த ஐபி, எந்த போர்ட், உள்ளே எந்த ஐபி, எத்தனை மணி என்று ஒரே வரியில் எழுதினால் போதும். ஒரே சர்டிஃபிகேட்டை லேப்டாப்பிலும் போனிலும் போட்டுக்கொண்டு, ஒன்று நுழையும்போது மற்றொன்று துண்டிக்கப்படும் சம்பவங்கள் இந்த ஒரு வரியில் பளிச்சென்று தெரியும்: அதே பெயர், மாறி மாறி இரண்டு வெளி ஐபிகள்.

ஆனால் கவனம். இந்த ஸ்கிரிப்ட் தோல்வியில் முடிந்தால் ஓப்பன்விபிஎன் அந்த இணைப்பையே மறுத்துவிடும். டிஸ்க் நிரம்பி லாக் எழுத முடியாமல் போனால்கூட யாரும் உள்ளே வர முடியாத நிலை வரலாம். அதனால் எழுத முடிந்தாலும் முடியாவிட்டாலும் கடைசியில் பூஜ்யத்தோடு (வெற்றி என்ற குறியோடு) வெளியேறும்படி எழுதுங்கள். ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை சர்வரும் காத்திருக்கும். ஸ்கிரிப்ட்டுக்குள் டேட்டாபேஸ், மெயில் எதையும் சேர்க்காதீர்கள்.

சர்வரின் கடிகாரமும் என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் முறை) வழியாகச் சரியாக இருக்க வேண்டும். ஃபயர்வால் லாக்கோடு நேரம் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் பொருத்திப் பார்க்கவே முடியாது. இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, நேர ஒத்திசைவையும் 180 நாள் லாக் சேமிப்பையும் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த லாக்கில் ஊழியர்களின் வீட்டு ஐபியும் அவர்கள் வந்துபோன நேரமும் இருக்கும். அதனால் அந்த ஃபைலைத் திறக்கும் அனுமதி, சர்வரைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.