பின்னூட்டம் அல்ல, மீளூட்டு

மின்னணு முறையில் இசையொலி உருவாக்கும் மென்பொருள் சிந்தசைசர் ஒன்றைக் கற்றுத்தரும் தமிழ்க் காணொளியில் நேற்றும் அதே சொல்: "பின்னூட்டப் பண்பேற்றம்". பண்பேற்றத்தில் எனக்குக் குறையில்லை. ஓர் அலையின் பண்பை இன்னோர் அலை மாற்றுவதற்குப் பள்ளி இயற்பியல் தந்த நல்ல சொல் அது. பின்னூட்டம்தான் உறுத்துகிறது.

பின்னூட்டம் என்று மொழிபெயர்க்கப்படும் ஃபீட்பேக், வானொலிப் பொறியாளர்கள் வளர்த்த சொல். வெளிவந்த அலையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே செலுத்துவது, அவ்வளவே. 1912இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வானொலி அலையைப் பெருக்கியதும் இப்படித்தான்.

சிந்தசைசரில் ஒரு சைன் அலையை எடுத்து, அதன் வெளியீட்டைக் கொண்டே அதன் கட்டத்தை (ஃபேஸ், சுழற்சியில் அலை நிற்கும் இடம்) அசைக்கிறோம். எவ்வளவு திருப்பிச் செலுத்துவது என்பதைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் சுழியத்தில் இருக்கும்போது வழவழப்பான ஒலி. மெல்லத் திருப்பினால் மேற்சுரங்கள் முளைத்து ரம்பப்பல் அலையை நெருங்கும், எக்காளத்தின் கரகரப்பு ஏறும். இன்னும் திருப்பினால் வெறும் இரைச்சல். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் இந்த அளவு 0 முதல் 7 வரை.

இதில் 'பின்' எங்கே இருக்கிறது? பின்னுரை, பின்னிணைப்பு என்றால் பிறகு வருவது. வாசகர் வலைப்பதிவைப் படித்துவிட்டுப் பிறகு எழுதுவதற்குப் பின்னூட்டம் அழகாகப் பொருந்தியது. இன்று அந்தச் சொல் முழுக்க வலைப்பதிவு வாசகர்களுடையது. பாடநூல்களும் மின்னணுவியலில் அதையே ஆள்கின்றன என்பார்கள். ஆளட்டும், படிக்கும் மாணவர் மனத்தில் முதலில் எழுவது கருத்துப் பெட்டிதானே? 'ஊட்டம்' வேறு சத்து என்ற பொருளையும் இழுத்து வருகிறது. நமக்கு வேண்டியது செயல்: ஊட்டு. 'மீள்' என்றால் திரும்பி வா; மீண்டும் என்பதும் அதில் பிறந்ததே. அலை திரும்பி வருகிறது, மீண்டும் மீண்டும் வருகிறது. நொடிக்கு அலையின் 44,100 மாதிரிகளை (ஒவ்வொரு கணத்திலும் அதன் அளவை) கணக்கிடும் மென்பொருளில், ஒரு மாதிரியின் விடை அடுத்த மாதிரியின் கணக்குக்குள் நுழைகிறது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கும்போது வேறெதற்குத் தேட வேண்டும்?

எதிரொலி என்போரும் உண்டு. எதிரொலி காதில் கேட்கும் விளைவு. இதுவோ அலை ஓடும் வழி. இன்னொரு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் இதே குமிழுக்குக் 'கருத்து' என்று பெயர் போட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் அந்தக் குமிழை ஒருமுறையாவது திருப்பிக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்கவே மாட்டார். சொற்பட்டியலை மட்டும் கையில் கொடுத்து, கருவியைக் காட்டாமல் வேலை வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

குமிழுக்கு மேல் இடம் குறைவு என்ற சாக்கும் செல்லாது. பின்னூட்டம் ஆறெழுத்து, மீளூட்டு நான்கு.