வளையத் தெரிந்த ஆணி

சான் பிரான்சிஸ்கோ போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். சாம்பல் நிற மரவீடு, ஓரத்தில் கூம்புத் தொப்பி வைத்த உருண்டைக் கோபுரம். "ஊரே தரைமட்டமான 1906 நிலநடுக்கத்தில் இது எப்படி நின்றது? வாஸ்து பார்த்துக் கட்டியிருப்பார்களோ?" என்பது அவர் கேள்வி.

பிராங்க்ளின் தெருவில் இருக்கும் ஹாஸ்-லிலியந்தால் இல்லம் அது. பவேரியாவிலிருந்து பிழைக்க வந்து, மளிகை மொத்த வியாபாரத்தில் காசு பார்த்த வில்லியம் ஹாஸ் 1886-இல் கட்டியது. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்து, 1972-இல் மகள் இறக்கும்வரை குடும்பத்தின் கையிலேயே இருந்தது. பிறகு அருங்காட்சியகமானது.

வாஸ்துவுக்கும் இந்த விக்டோரியா காலத்து 'குயின் ஆன்' பாணிக்கும் ஏழாம் பொருத்தம். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருக்கக் கூடாது என்பதே இதன் விதி போலத் தெரியும். ஒரு மூலையில் கோபுரம், இன்னொரு பக்கம் துருத்தும் ஜன்னல், சுவரில் மீன்செதில் போல அடுக்கிய மரச்சில்லுகள். ஆன் ராணி இறந்தது 1714-இல். பாவம், பெயரைத் தவிர அவருக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

சரி, ஏன் விழவில்லை? முதல் காரணம் எடை. விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம், பள்ளியில் படித்ததுதான். செங்கல்லின் அடர்த்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் செம்மரத்துக்கு (நம்மூர்ச் செம்மரம் இல்லை, கலிபோர்னியாவின் ரெட்வுட்). பூமி உதறும்போது கனமானவன் அதிகம் வாங்குவான். நிலமும் முக்கியம். சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிய தெருக்களில் இதே மாதிரி மரவீடுகள் சாய்ந்து விழுந்தன.

ஆனால் என் மனதைக் கவர்ந்தது ஆணி.

அதற்கு முந்தைய மரவீடுகளில் பருத்த உத்தரங்களைத் துளைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டுவார்கள். இயந்திரத்தில் செய்த ஆணி மலிவானதும் கதை மாறியது. மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, மேலே பலகை வைத்து ஆணி அடித்துக்கொண்டே போனார்கள். காற்றில் பறந்துவிடும் என்ற கேலியில்தான் 'பலூன் சட்டகம்' என்ற பெயர் வந்தது என்பார்கள். உள்சுவரிலும் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக ஆணியடித்து, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். ஆக, ஒரு வீட்டுக்குள் ஆயிரக்கணக்கான ஆணிகள்.

சுவர் பக்கவாட்டில் ஆடும்போது பலகை ஒரு பக்கமும் சட்டம் இன்னொரு பக்கமும் இழுக்கும். நடுவில் மாட்டிய ஆணி வளையும். வளையும்போது சுற்றியுள்ள மரநார்களை நசுக்கும். சுவர் திரும்பி ஆடினால் ஆணி மறுபக்கம் வளையும், நார் உரசும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்திருப்பீர்கள். ஒடிந்த முனையை உதட்டில் வைத்தால் சுரீர் என்று சுடும், இல்லையா? உங்கள் கை கொடுத்த ஆற்றல்தான் அந்தச் சூடு. நிலநடுக்கம் கொடுத்த ஆற்றலையும் இப்படித்தான் ஒவ்வோர் ஆணியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கித் தீர்க்கிறது. சாந்து விரிசல் விட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆணித்துளை பெரிதாகிவிடுவதால், அடுத்த ஆட்டத்துக்குச் சுவர் சற்றே தொளதொளத்திருக்கும். கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஆணியடித்த சுவரை இயந்திரத்தில் மாட்டி முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. "ஆணி வளைக்கவா ஆராய்ச்சி நிதி?" என்று கேட்பவர்கள், வாஸ்துவுக்காக வாசற்படியை இடித்து மாற்றிய செலவையும் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீயிடம் ஆணியின் ஜம்பம் பலிக்காது. பலூன் சட்டகத்தில் நிற்கும் சட்டங்கள் அடியிலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும். அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் தீ புகுந்தால் அது புகைபோக்கி மாதிரிதான், மாடிக்கு மாடி நிற்காமல் ஏறிவிடும். பிற்பாடு ஒவ்வொரு மாடிக்கும் தனிச்சட்டம் வெட்டிக் கட்டும் முறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1906-இலும் ஊரைப் பெருமளவு அழித்தது நிலநடுக்கத்துக்குப் பின் நாள்கணக்கில் எரிந்த தீதான். அகலமான வான் நெஸ் சாலையோரம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்துத்தான் அதை அந்தப் பக்கம் மடக்கினார்கள்.

ஹாஸ் வீடு இருப்பது வான் நெஸுக்கு மேற்கே, அடுத்த தெருவில்.