உள்ளங்கையால் காட்டும் நோவும் ஒற்றை விரலால் காட்டும் நோவும்

மாரி மழை ஓய்ந்து, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான அறிவித்தல் பாடசாலைகளில் வெளியாகி மூன்று நான்கு கிழமைகள் கழிந்ததும், நான் பணிபுரியும் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவின் வாங்கில் வெள்ளைச் சீருடைகள் கூடத் தொடங்கும். வட இலங்கையின் வன்னிக்கு வேலைக்கு வந்த நாள் முதல் ஒவ்வோர் ஆண்டும் இதைப் பார்க்கிறேன். மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளே பெரும்பாலும் வருவார்கள். முறைப்பாடு அநேகமாகக் கணைக்கால் நோவாக இருக்கும். “எவ்விடத்தில அப்பன் நோகுது?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். ஒரு பிள்ளை உள்ளங்கையை வைத்துக் கணைக்காலின் உட்புறம் நெடுகத் தடவிக் காட்டும். இன்னொரு பிள்ளை ஒற்றை விரலை ஓரிடத்தில் ஊன்றி, “இதிலதான் சேர்” என்று சொல்லும். இரண்டும் ஒரே காலில், ஒரே என்பில் வரும் நோக்கள்தான் என்றாலும், ஒன்றுக்குப் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தால் போதும். மற்றதற்கு அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

பரவலாக நோகின்ற முதல்வகை, பயிற்றுநர்கள் ‘ஷின் ஸ்பிளின்ட்’ என்று சொல்வது. ஓடத் தொடங்கும்போது தெரிந்து, உடல் சூடேறியதும் அடங்கி, ஓடி முடித்த பின் மறுபடி தலைகாட்டும். என்பும் அதன் மேலுறையும் தமக்கு ஏற்றப்படும் சுமை கூடிவிட்டதென்று முறையிடும் நிலை இது. இரண்டாவது வகையில் என்பிலேயே மயிரிழை போன்ற கீறல் விழத் தொடங்கியிருக்கக்கூடும். ஓடஓட நோ கூடும். போகப்போக நடக்கும்போதும் நோகும், இரவில் படுத்திருக்கும்போதும் நோகும். ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னால் பிள்ளை துள்ளமாட்டாது. இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்கு எக்ஸ்றேயில் தெரியாமலே இருக்கலாம் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தும், ஒரு பிள்ளையின் காலில்தான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன்.

பணியில் சேர்ந்த புதிதில் தரம் 11 மாணவி ஒருத்தி ஒற்றை விரலால் இடத்தைக் காட்டினாள். எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தபடியால், நானும் ஐஸ் வைத்து, கெண்டைத்தசையை இழுத்துவிடும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, பத்து நாளில் ஓடலாம் என்று அனுப்பிவிட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு தகப்பனுடைய சைக்கிள் கரியரிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டு வந்தாள். இரண்டாவது படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்தபோது, அவள் விரல் ஊன்றிய அதே இடத்தில் என்பின் ஓரம் பஞ்சு ஒட்டியதுபோலத் தடித்திருந்தது. அதன் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அவள் விரலை நம்பாமல் படத்தை நம்பியது என் பிழை. அன்றிலிருந்து, படம் வெறுமையாக இருந்தாலும் விரல் ஓரிடத்தையே காட்டுமானால், அதைக் கீறலாகவே எண்ணி நடத்துகிறேன்.

ஏன் சரியாக மூன்றாம் நான்காம் கிழமையில் வருகிறார்கள் என்பதற்கும் என்பிலேயே விடை இருக்கிறது. புதிய சுமை விழும்போது என்பு முதலில் பழுதான பகுதிகளை அரித்து அகற்றுகிறது. அதற்கு இரண்டு மூன்று கிழமைகள் போகும். அகற்றிய இடத்தில் புதிய என்பைக் கட்டி முடிக்க மூன்று மாதங்கள் வரை எடுக்கும். பழைய சுவரை இடித்து, புதிய சுவர் எழும்பாத இடைக்காலம் அது. அந்த நேரம் பார்த்து நுரையீரலும் இதயமும் நன்றாகத் தேறி, பிள்ளைக்கு மூச்சு வாங்காது. “இப்ப எவ்வளவு தூரமும் ஓடுவன்” என்ற நம்பிக்கை வந்துவிடும். மூச்சு ஒத்துக்கொள்கிற தூரத்துக்கு என்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி முழுவதும் மழையும் சேறுமாக இருப்பதால் எவரும் ஓடுவதில்லை. தை பிறந்ததும் ஒரேயடியாகத் தொடங்குகிறார்கள். ஆகவே இந்தக் காயங்கள் ஓடுவதால் வருகின்றன என்பதைவிட, ஓடாதிருந்துவிட்டுத் திடீரென ஓடுவதால் வருகின்றன என்பதே சரி.

கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்பது பயிற்றுநர்கள் பலரும் சொல்லும் கணக்கு. அது தீங்கான கணக்கு அல்ல. ஆனால் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர் 532 பேரைக் கொண்டு செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கணக்கின்படி மெதுவாகக் கூட்டியவர்களும் வழமைபோல் ஓடியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது ஐந்தில் ஒருவர், காயப்பட்டார்கள். 2025 இல் 5,205 ஓட்டக்காரரைப் பின்தொடர்ந்து வெளியான பெரிய ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது: முந்திய 30 நாட்களில் ஒருவர் ஒரே தடவையில் ஓடிய அதிகூடிய தூரத்தைவிட ஒரு நாள் ஓட்டம் பத்து வீதத்துக்கு மேல் நீளும்போதே காயம் கூடுகிறது; அந்தத் தூரம் இரட்டிப்புக்கு மேல் போகும்போது ஆபத்தும் இரட்டிப்புக்கு மேல் போகிறது. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் பாடசாலை மரதன்தான் நினைவுக்கு வந்தது. மைதானத்தைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஒருநாளும் ஓடாத பிள்ளை, போட்டியன்று கைதட்டலுக்கு நடுவே எட்டோ பத்தோ கிலோமீற்றர் ஓடி முடிக்கிறது. போட்டித் தூரத்துக்குக் கிட்டிய தூரத்தை முன்னரே ஒரு தடவையாவது மெதுவாக ஓடியிராத பிள்ளையைத் தொடக்கக் கோட்டில் விடவேண்டாம் என்று விளையாட்டு ஆசிரியர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் “இல்லத்துக்குப் புள்ளி வேணுமே” என்கிறார்கள்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னி தட்டையான நிலம். மலை இறக்கத்தில் ஓடுவோருக்கு வரும் தொல்லைகள் இங்கே குறைவு. ஆனால் குளக்கட்டின் சரிவிலும், இரு பக்கமும் சாய்வாகப் போட்ட தார் வீதியின் ஒரே ஓரத்திலும் நாள்தோறும் ஓடுபவருக்கு, ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுவதால் முழங்காலின் வெளிப்புறத்தில் எரிவுபோன்ற நோ வரும். ஒரு குறிப்பிட்ட தூரம் வரை ஒன்றும் தெரியாது, அந்தத் தூரத்தைத் தொட்டதும் கத்தியால் குத்தியதுபோல் நிற்பாட்டிவிடும். வாகனம் இல்லாத இடத்தில் பக்கத்தை மாற்றி ஓடுவதும், எட்டு வைக்கும் நீளத்தைச் சற்றுக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதும் முழங்காலில் விழும் சுமையைக் குறைக்கும். கிறவல் வீதியும் வயல் வரம்பும் கணுக்கால் பிரளும் இடங்கள். வெறுங்காலுடன் வளர்ந்த பிள்ளை வெறுங்காலுடன் ஓடுவதில் எனக்கு மறுப்பில்லை. நெருஞ்சிமுள்ளும் போத்தல் ஓடும் குத்தினால் ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டாயிற்றா என்று மட்டும் பார்க்கவேண்டும். வருடம் முழுவதும் வெறுங்காலுடன் ஓடிய பிள்ளைக்குப் போட்டியன்று காலையில் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பதுதான் பிழை. குறுக்குவழி தேடி, வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் இறங்கவேண்டாம் என்பதை இங்கே எழுதாமல் விடவும் முடியாது.

பத்து வயதுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் தடித்து நோகும் முடிச்சு, அல்லது அதைவிடச் சிறிய பிள்ளைகளின் குதிக்காலின் பின்புறத்தில் வரும் நோ, பெற்றோரைப் பயமுறுத்தும். வளர்கின்ற என்பின் முனையில் தசைநாண் இழுப்பதால் வருவது அது. ஓட்டத்தையும் துள்ளலையும் குறைத்தால் போதும்; வளர்ச்சி முடிய நோவும் முடியும். அந்த முடிச்சை அழுத்தித் தேய்த்துக் கரைக்க முயல வேண்டாம்.

வளர்ந்தவர்கள் வேறு நோவுடன் வருகிறார்கள். சீனி வியாதிக்காகவோ கொழுப்புக்காகவோ வைத்தியர் சொல்லி, நாற்பதைத் தாண்டிய பின் விடியலில் ஓடத் தொடங்கியவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா தன் 72 ஆவது வயதில், 2023 இல், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் தங்கம் வென்றதை இவர்களில் சிலர் எனக்கே நினைவூட்டுவார்கள். இவர்களுக்குக் குதிநாணும் குதிக்காலும்தான் எதிரி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதலாவது அடி உயிர்போக நோகிறதென்றால், குதிக்காலின் அடியிலுள்ள தடித்த பட்டி. குதிக்கு மேலே இரண்டு மூன்று விரற்கிடை உயரத்தில் நாண் தடித்து, விறைத்து, நடக்க நடக்க இளகுமென்றால், குதிநாண்.

குதிநாணுக்கு மருந்து எண்ணெயில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது. 1998 இல் சுவீடனில் ஹோகன் அல்ஃபிரெட்சன் குழுவினர் வெளியிட்ட முறை இது: படியின் ஓரத்தில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலின் துணையுடன் எழும்பி, நோகிற காலின் குதியை மட்டும் மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி வைத்து 15 தடவையாக மூன்று சுற்று, சற்று மடித்து வைத்து மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 கிழமைகள். பயிற்சியின்போது ஓரளவு நோகும், அது பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்புக் கூடியிருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். நாண் குதிக்காலில் ஒட்டும் அடிமுனையிலேயே நோ இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்யவேண்டும். பெரும்போக அறுவடை நாட்களில் இதை விடாமல் செய்பவர் அரிது. நெல்லை ஏற்றிவிட்டு மறுபடி முதலாம் கிழமையிலிருந்து தொடங்குவோம்.

கணுக்கால் பிரண்டவர்களுக்கு ஒரு சோதனை சொல்லித்தருகிறேன். கனடாவின் ஒட்டாவாவில் 1992 இல் வகுத்த விதிகளிலிருந்து வருவது. பிரண்டவுடனும் பிறகு வைத்தியசாலையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாதிருந்தாலோ, கணுக்கால் மொழிகளின் (இரு புறமும் புடைத்து நிற்கும் என்புகளின்) பின்விளிம்பில் அல்லது நுனியில், அல்லது பாதத்தின் வெளிப்புற நடுவிலோ உட்புற வளைவின் மேலோ உள்ள என்பைத் தொட்டால் நோவெடுத்தாலோ, எக்ஸ்றே எடுத்த பிறகுதான் மற்றெல்லாம். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதை நான் தடுப்பதில்லை. கைராசிக்காரர்களை எனக்கும் தெரியும். படம் எடுக்காமல் பிடித்து இழுப்பதைத்தான் தடுக்கிறேன். ஐஸ் வைத்து அசையாமல் கிடக்கவேண்டும் என்ற அறிவுரையை 1978 இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மேர்க்கினே பின்னாளில் அதை மாற்றிக்கொண்டார். நோவைத் தணிக்க ஐஸ் உதவும், ஆற்றுவது அளவான அசைவுதான். முறிவு இல்லையென்று தெரிந்தால் இரண்டு மூன்று நாளில் மெல்ல ஊன்றி நடக்கத் தொடங்கவேண்டும்.

நோவை அமத்திக்கொண்டு ஓடுவதற்காக, போட்டியன்று பாமசியில் டைக்ளோஃபெனாக் அல்லது இபுபுரூஃபன் வாங்கி விழுங்குகிற வழக்கம் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. வியர்த்து உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியைத் திறந்துவைத்திருக்கும் சுரப்பையே இந்தக் குளிசைகள் தடுக்கின்றன. காரணம் இன்னும் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா வரை பரவியிருக்கும் ஒரு நாட்டில், வெயிலில் ஓடப்போகும் பிள்ளைக்கு நாமே அதைக் கொடுக்கக்கூடாது. குளிசை போட்டால்தான் ஓடமுடியும் என்றால் அந்தப் பிள்ளை ஓடக்கூடாது.

மேலே சொன்ன மாணவியிடம் நான் கேட்க மறந்த இன்னொரு கேள்வியும் உண்டு: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பது. காலையில் வெறும் தேநீருடன் ஓடி, மதியம் கால்வயிற்றுக்குச் சாப்பிட்ட அவளுக்கு நான்கு மாதமாக வரவில்லை. உடம்புக்குப் போதிய எரிபொருள் கிடைக்காதபோது அது முதலில் நிறுத்துபவற்றுள் மாதவிடாயும் ஒன்று. அதோடு என்பும் மெலியும். தாயைக் கூப்பிட்டுப் பேசி, ஓட்டத்துக்குப் பின் குரக்கன் பிட்டு, நெத்தலி, பயறு, முருங்கையிலை, முட்டை என்று வீட்டில் கிடைப்பதையே கூட்டினோம். பெண்பிள்ளைகளிடம் இதைக் கேட்க ஆண் பயிற்றுநர்கள் தயங்குவது புரிகிறது; பாடசாலையில் ஓர் ஆசிரியையையாவது இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

ஓடுமுன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிப்பது காயத்தைத் தடுக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். 26,610 பேரை உள்ளடக்கிய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான கணக்கில் அதற்குப் பலன் தெரியவில்லை. தசையை வலுவாக்கும் பயிற்சிதான் விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக்கியது. கிழமைக்கு இரண்டு நாள் ஒற்றைக் காலில் குதியை உயர்த்துதல், கதிரையில் இருந்து எழும்பி இருத்தல், படியேறுதல் போதும்.

எங்கள் மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2009 இல் முடிந்த போரைக் கடந்து வந்த பெரியவர்கள் பலருடைய காலில் எறிகணைத் (செல்) துண்டுகள் இன்னும் இருக்கின்றன. பழகிப்போனதால் சொல்ல மறந்துவிடுவார்கள். கீறலைப் பார்க்க எம்.ஆர்.ஐ எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனெனில் அந்தக் காந்தப்புலத்தில் இரும்புத் துண்டு அசையலாம். தொடையிடுக்கில், பாதத்தின் மேல்வளைவில், கணைக்காலின் முன்விளிம்பு நடுவில் ஓரிடமாக நோகுமென்றால், அது சேராமல் போகும் இடத்துக் கீறலாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

அந்த மாணவி எட்டுக் கிழமை ஓடவில்லை. நடந்தாள், சைக்கிள் மிதித்தாள். விரல் ஊன்றிய இடத்தை நான் அழுத்தியும் நோகாத நாளில், அரை மணித்தியாலம் நடந்து, ஒற்றைக் காலில் பத்துத் தடவை துள்ளிக் காட்டினாள். அதன்பின் ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, பத்துத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை நோ இருந்தால் முந்திய படிக்குத் திரும்புவது என்று பேசிக்கொண்டோம். இரண்டு தடவை திரும்பினாள். அந்த ஆண்டுப் போட்டி அதற்குள் முடிந்துவிட்டது.