நகர்ந்த நீரும் நகராத சிறகும்

1917இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்துக்கு வந்தபோது பிரான்சிஸ் கிரிஃபித்ஸுக்கு 9 வயது. அப்பா போர்முனையில் இருந்தார். அம்மாவுடன், அம்மாவின் சகோதரி வீட்டில் வாசம். அங்கே துணை என்று சொல்ல அந்த வீட்டு மகள் எல்சி ரைட் ஒருத்திதான். அவளுக்கோ ஏறக்குறைய 16 வயது. தோட்டத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையே கதியென்று கிடந்தாள் சிறுமி. நனைந்த காலணிகளுக்காகத் திட்டு விழுந்தபோது, தேவதைகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். எல்சி தன் அப்பாவின் கேமராவை இரவல் வாங்கினாள்.

எல்சியின் அப்பா இருட்டறையில் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, பிரான்சிஸின் முன்னால் குட்டித் தேவதைகள் ஆடிக்கொண்டிருந்தன. மகளின் ஓவியத் திறமையை அறிந்தவர், அவர் நம்பவில்லை. ஆனால் 1920 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் அந்தப் படங்களை வெளியிட்ட ஆர்தர் கானன் டாயில் நம்பினார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர்!

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படத்தை ஆராய்ந்த புகைப்பட வல்லுநர் ஹரால்ட் ஸ்னெல்லிங், ஒரே தகட்டில் இரண்டு காட்சிகள் பதிவானதற்கான தடயம் இல்லை என்றார். அது சரிதான். தகட்டில் எந்தத் தில்லுமுல்லும் நடக்கவில்லை. ஒரு சிறுவர் புத்தகத்தின் படத்தைப் பார்த்து எல்சி வரைந்து, வெட்டி, தொப்பி ஊசிகளால் நிறுத்திவைத்த காகிதப் பொம்மைகள் லென்ஸுக்கு முன்னால் நிஜமாகவே நின்றன. கேமரா கண்டதைப் பதித்தது. எல்லோரும் இருட்டறையில் திருடனைத் தேட, திருட்டு வெயிலில் நடந்திருக்கிறது.

காகிதம் எப்படி உடலாகத் தெரிந்தது? நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை ஒப்பிட்டு ஆழத்தைக் கணிக்கிறது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் தட்டையான பொருளின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒற்றை லென்ஸ் கேமராவில் இந்த இரண்டு வழிகளும் அடைபடுகின்றன. மிஞ்சும் தடயங்களில் முக்கியமானவை ஒளியும் நிழலும். எல்சி தீட்டிய நிழலை மூளை உடலின் வளைவாக எடுத்துக்கொள்கிறது.

சாட்சி முதல் படத்திலேயே இருந்தது. பின்னணியில் உள்ள சிற்றருவி மங்கலாக இழுபட்டிருக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும்போது நகரும் எதுவும் தகட்டில் ஒரு புள்ளியாக நிற்காது, கோடாக நீளும். மர நிழலில் அன்றைய தகடுகளுக்கு ஒளி நிரம்ப வேண்டும். அதனால் ஷட்டர் நேரமும் நீண்டது. நீர் கலைந்த அதே நேரத்தில், சிறகடித்து ஆடுகிறவர்கள் மட்டும் எப்படித் தெளிவாக விழுவார்கள்? படத்தை அச்சுக்காக ஸ்னெல்லிங் மெருகேற்றியதும் அந்தத் தெளிவைக் கூட்டியது.

1983இல், முதுமையில், இருவரும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மொத்தம் எடுத்த ஐந்து படங்களில், 1920இல் எடுத்த ஐந்தாவது மட்டும் நிஜம் என்று பிரான்சிஸ் 1986இல் இறக்கும்வரை சாதித்தார். புல்லுக்கிடையே கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உருவங்கள் உள்ள படம் அது. ஒரே தகட்டில் தவறுதலாக இருமுறை ஒளி விழுந்தால் இப்படித்தான் வரும்: முதல் காட்சியில் இருண்டிருந்த இடங்களில் இரண்டாவது காட்சி படிந்து, ஒன்றன் வழியே மற்றொன்று தெரியும். புகைப்பட இதழாசிரியர் ஜெஃப்ரி கிராலியின் முடிவும் இதுவே.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று இருவருமே சொன்னார்கள். ஆளுக்கொரு முறை ஷட்டரைத் தட்டியிருந்தால், இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.